பதிவு செய்தவருக்கு என்ன திரும்பி வருகிறது?

திருவரங்குளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



புதுக்கோட்டைச் சீமையில் மருத்துவத்தைப் பற்றிப் பேச வருகிறவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்கக் கூடாது. 1886 ஜூலை 30இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்துவந்த மகாராஜா கல்லூரியில் அவர் சேர்வதற்கு மன்னரே தலையிட வேண்டியிருந்தது. 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் முயற்சியால் வந்தது. இதெல்லாம் இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். இன்று அவருடைய பெயரில் உள்ள மகப்பேறு நிதியுதவித் திட்டத்தை இந்த ஊர்ப் பெண்கள் “பதினெட்டாயிரம்” என்ற தொகையால்தான் அடையாளம் சொல்கிறார்கள். “பதினெட்டாயிரம் ஏறிடுச்சா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ரொக்கம் 14,000 ரூபாய், மீதி 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்.

அந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வர ஓர் எண் வேண்டும். கருவுற்றதும் கிராம சுகாதார செவிலியர் பதிந்து தரும் 12 இலக்க எண் அது. ஊரில் பிக்மி நம்பர் என்பார்கள். தமிழ்நாடு அரசு 2008இல் தொடங்கிய பதிவு முறை. 2017 முதல் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள். டிஜிட்டல் மருத்துவம் என்றவுடன் ரோபோ செய்யும் அறுவைச் சிகிச்சை சிலருக்கு நினைவுக்கு வரலாம். திருவரங்குளம் ஒன்றியத்தில் டிஜிட்டல் மருத்துவம் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்த எண்ணின் உருவில் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

இன்றைக்கு நான் கேட்க விரும்புவது ஒரே கேள்வி. நம் உடம்பைப் பற்றிய ஒரு செய்தி கணினிக்குள் போகிறது. போன பிறகு, அதைச் சொன்னவருக்கும் அதைத் தட்டச்சு செய்தவருக்கும் என்ன திரும்பி வருகிறது?

இந்தக் கேள்விக்கு உங்கள் வட்டாரத்திலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. ஆடி பிறந்தால் வடகாடு, கீரமங்கலம் பக்கமெல்லாம் மொய் விருந்துப் பந்தல். அங்கே நோட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் கணினியும் வந்து சில காலம் ஆகிறது. பெயரும் தொகையும் சொன்னால் அந்த இடத்திலேயே ரசீது அச்சாகிக் கைக்கு வருகிறது. யார் எவ்வளவு செய்தார், நாம் எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதில் சண்டைக்கு இடமில்லை. எந்த அரசாணையும் இல்லாமல், எந்தப் பயிற்சி முகாமும் இல்லாமல் அந்தக் கணினி ஊரோடு ஒட்டிக்கொண்டது. எழுதுகிறவர், கொடுக்கிறவர், வாங்குகிறவர் மூவருக்கும் அதில் பலன் உண்டு. மருத்துவக் கணினிக்கு இந்த நிலை இன்னும் வாய்க்கவில்லை.

பிக்மியையே எடுத்துக்கொள்வோம். தாய்க்குப் பணமும் சான்றிதழும் கிடைக்கின்றன. மேலே இருக்கும் அலுவலருக்கு எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை பிரசவங்கள் என்ற கணக்கு கிடைக்கிறது. தட்டச்சு செய்த செவிலியருக்கு? சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. காலையில் வீடு வீடாகப் போய்வருகிறார். பதிவேட்டில் எழுதுகிறார். தாயின் அட்டையில் எழுதுகிறார். பிறகு அதையே கணினியில் ஏற்றுகிறார். பகலில் சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் பிள்ளைகள் தூங்கிய பிறகு உட்கார்ந்தால் வேலை நடக்கும். இந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி அவர்களுடைய சங்கங்கள் போராடியிருக்கின்றன. ஒரே இரத்த அளவை மூன்று இடத்தில் எழுதச் சொல்லும் ஏற்பாட்டுக்குக் கணினிமயம் என்று பெயர் வைத்தால், கணினி வந்ததால் ஒரு வேலை கூடியது என்றுதான் அவர் நினைப்பார். அவர் நினைப்பது சரி.

நாளைக் காலை அவர் வண்டியை எடுக்கும்போது கைப்பேசியில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கட்டும். இந்தத் தெருவில் இருவருக்கு இரத்தம் குறைவு; ஒருவர் போன மாதம் ஊசிக்கு வரவில்லை; ஒருவருக்குப் பத்து நாளில் பிரசவ நாள். இந்தத் தகவல் முழுக்க அவர் இரவில் உட்கார்ந்து ஏற்றியதுதான். இப்படிப்பட்ட பட்டியலை எடுக்க இப்போதும் வழி உண்டு என்பார்கள் பொறியாளர்கள். உண்டு. அது அலுவலகத்தில் ஆய்வுக் கூட்டத்துக்கு முதல் நாள் எடுக்கப்பட்டு, “இதை ஏன் முடிக்கவில்லை?” என்ற கேள்வியோடு செவிலியரிடம் வருகிறது. அதே பட்டியல் உதவியாகவும் வரலாம், குற்றப்பத்திரிகையாகவும் வரலாம். எந்த மணிக்கு, யார் கையில் முதலில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதைக் காசநோய் வரலாற்றில் இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். பணிக்காலத்தின் பெரும்பகுதியை இந்த நோயோடு கழித்தவன் நான்.

1956இல் சென்னையில் ஒரு ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். காசநோய் வந்தவரைச் சானடோரியத்தில் படுக்க வைத்துத்தான் குணமாக்க வேண்டுமா, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாக முடியுமா என்று பிரித்தானிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் சோதித்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்குச் சளைத்ததல்ல. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை திசை மாறியது சென்னையின் நெரிசலான தெருக்களில் கிடைத்த அந்த முடிவால்தான். ஆனால் அப்போதே ஒரு கவலை இருந்தது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரையை நோயாளி விழுங்குகிறாரா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்தார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து அதே கவலைக்குக் கைப்பேசி வழியாக ஒரு தீர்வு வந்தது. பெயர் 99டாட்ஸ். மைக்ரோசாஃப்டின் இந்திய ஆய்வுப் பிரிவில் உருவானது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஒரு தாள் உறை. மாத்திரையைப் பிதுக்கி எடுத்தால் உறைக்குள் மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் இன்றைய மாத்திரை உள்ளே போய்விட்டதாகக் கணக்கு. செலவு குறைவு, சாதாரண பட்டன் போன் போதும். யோசித்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தினரும் கூட்டாளிகளும் சென்னை, வேலூர், மும்பை நகரங்களில் இதைச் சோதித்தார்கள். எப்படித் தெரியுமா? மறுபடியும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், மறுபடியும் சிறுநீர் சோதனை. மிஸ்டு கால் சொன்ன கதைக்கும் சிறுநீர் சொன்ன கதைக்கும் போதிய பொருத்தம் இல்லை. மாத்திரை சாப்பிட்டவர் பலர் அழைக்கவில்லை. அழைத்தவர்களில் சிலர் சாப்பிடவில்லை. போன் மகனிடம் இருந்தது, டவர் கிடைக்கவில்லை, வேலையிடத்தில் பக்கத்தில் ஆள் இருந்தார், மறந்துபோனது, இப்படி வாழ்க்கையில் நடக்கிற காரணங்கள்தாம். மருந்தை ஒழுங்காக விழுங்கியவருக்கு ‘தவறினார்’ என்று பதிவானால் அவருக்கு அந்தக் கருவி மேல் என்ன மரியாதை இருக்கும்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அழைப்பு வராத நாளில் சுகாதாரப் பணியாளர் போன் செய்து “என்னம்மா, உடம்புக்கு முடியலையா?” என்று விசாரித்தால், தம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற நிறைவு நோயாளிகளுக்கு வருகிறது. கருவி வேலை செய்தது அந்தக் குரல் வந்த இடங்களில் என்பது என் கருத்து.

இதற்கு நேர் எதிரான ஒன்று 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கியது: காசநோய் இறப்பில்லாத் திட்டம். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் துணை நின்றது. காசநோயில் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களிலேயே இறக்கிறார்கள். நோய் கண்டுபிடித்த அன்றே யார் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் பாதிப் போர் முடிந்தது. அதற்கு அவர்கள் கையிலெடுத்தது ஒரு பக்கத் தாள். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? உடல் நிறைக் குறியீடு 14க்கு மேல் போகவில்லை என்றாலும், 16க்கு மேல் போகாமல் காலில் வீக்கமும் இருந்தாலும் ஆபத்து. நிமிடத்துக்கு மூச்சு 24ஐத் தாண்டுகிறதா? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டுகிறதா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா? இதில் ஏதாவது ஒன்று தட்டினால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், சத்துணவோடு சிகிச்சை தர வேண்டும்.

எடை இயந்திரமும் உயரம் பார்க்கும் அளவுகோலும் ஆக்சிமீட்டரும் போதும். எக்ஸ்ரே கருவி, ஆய்வகம், இணையம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அளவெடுத்த செவிலியருக்கே அந்த நிமிடத்தில் விடை தெரிகிறது. நோயாளிக்குப் படுக்கை கிடைக்கிறது. வலைச்செயலி அதற்குப் பிறகுதான் வருகிறது: கடுமையாக நோயுற்றவர் சேர்க்கப்பட்டாரா, எங்கே, என்ன ஆனார் என்று பின்தொடர்வதற்கு. 2025இல் அதே ஐந்து அளவுகளை வைத்து ஒருவர் இறக்கும் அபாயம் எவ்வளவு என்று கணித்துச் சொல்லும் வசதியும் அந்தச் செயலியில் சேர்ந்திருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். பிறகு அதற்கு எந்த அளவுகள் வேண்டும் என்று பார்த்தார்கள். கடைசியில் கணினி. நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கும். டேப்லெட் வாங்கி முடித்த பிறகு அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று குழு அமைப்பார்கள்.

குறைவாகக் கேட்பது ஒரு கலை. உயர் இரத்த அழுத்த நோயாளிகளுக்காக ‘சிம்பிள்’ என்றொரு செயலி 2018இல் பஞ்சாபில் தொடங்கிப் பிறகு மகாராஷ்டிரத்துக்கும் போனது. நோயாளியிடம் கியூஆர் குறியீடு அச்சிட்ட அட்டை இருக்கும். செவிலியர் அதை ஸ்கேன் செய்து, இரத்த அழுத்தத்தையும் மருந்தையும் பதிந்தால் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது. பலனாக, வர வேண்டிய நாளில் வராதவர்களின் பெயர்ப் பட்டியல் அவருக்கே கிடைக்கும்; அங்கிருந்தபடியே அழைத்துப் பேசலாம். படிவத்தில் ஒரு கட்டத்தைச் சேர்க்க ஒரு அதிகாரி போதும், ஒரு கட்டத்தை நீக்க ஒரு துறையே கூட வேண்டும். அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் கட்டம் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டார்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரை விட்டுப் போக முடியாது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலை கஜா புயல் உங்கள் மேல் ஏறிப் போனது. பலாவும் தென்னையும் முந்திரியும் மட்டும் விழவில்லை, மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் விழுந்தன. ஆலங்குடி வட்டாரத்தில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த நாட்களில் கர்ப்பிணியின் கையிலிருந்த அட்டைதான் மருத்துவரிடம் பேசியது. கணினி வந்துவிட்டது, அட்டை எதற்கு என்று யாராவது கேட்டால் அந்த நவம்பரை நினைவூட்டுங்கள்.

மின்சாரம் பற்றிய இந்தப் பாடத்தைத் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை முன்பே கற்றிருக்கிறது. 2000களின் நடுவில் அது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து சுற்றுவட்டார ஊர்களில் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபை வழியே இணைத்தது. ஊரில் பயிற்சி பெற்ற பெண் நோயாளியின் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். பெரும்பாலானோர் பஸ் ஏறாமலேயே கண்ணாடியோ மருந்தோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அறுவைச் சிகிச்சை வேண்டியவர் மட்டும் தேனிக்குப் போக வேண்டும். அந்த ஆய்வாளர்கள் பல ஆண்டு அனுபவத்தை 2008இல் எழுதியபோது, கருவிகளைக் கெடுத்த முதல் எதிரி தரமற்ற மின்சாரம் என்றார்கள். திடீரென ஏறும் மின்னழுத்தம், தாழ்ந்துபோகும் மின்னழுத்தம், பழுதைச் சொல்ல உள்ளூரில் ஆள் இல்லாமை. மின்சாரத்தைச் சீராக்கவும் உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கவும் செலவிட்ட பிறகுதான் அமைப்பு நிலைத்தது. தொலைமருத்துவத்துக்கு இப்போது இ-சஞ்சீவனி என்ற நாடு தழுவிய தளமே இருக்கிறது. அதில் மருத்துவர் திரையில் வந்துவிடுகிறார். அவர் எழுதும் மாத்திரை பக்கத்திலேயே கிடைக்குமா என்பதைத் திரை பார்த்துக்கொள்ளாது.

மாத்திரை வீட்டுக்கே வரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. தன்னார்வலர் வீட்டுக்கு வந்து சுகர், பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துச் செயலியில் பதிகிறார். எனக்கு இதில் பெரிய மதிப்பு உண்டு. அந்த எண்கள் ஊர்ப் பி.எச்.சி. மருத்துவரின் மேசைக்கும் நோயாளியின் நோட்டுக்கும் ஒரே வேகத்தில் வந்து சேர வேண்டும் என்பது மட்டும் என் விருப்பம்.

நோயாளிகள் மருத்துவரைப் பார்க்க வரும்போது ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதங்களைக் கொண்டுவருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், மங்கிப்போன ஈசிஜி, நான்கு மருத்துவர்களின் சீட்டு. அதிலிருந்து கடைசியாகச் சாப்பிட்ட மாத்திரை எது என்று கண்டுபிடிப்பதற்குள் மருத்துவரின் நேரம் முடிந்துவிடும். 2021 செப்டம்பர் 27இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் சுகாதாரத் திட்டமும் அதன் 14 இலக்க ‘ஆபா’ எண்ணும் இந்தப் பையைக் காலி செய்வதாக வாக்களிக்கின்றன. செய்தால் நல்லது. ஆனால் எண்ணைத் தொடங்கப் பெரும்பாலும் ஓடிபி வேண்டும். ஓடிபி வருகிற போன் திருப்பூரில் மகனிடம் இருக்கிறது, அல்லது சிங்கப்பூரில் கணவனிடம் இருக்கிறது. அம்மா வரிசையில் நின்றுகொண்டு மகனுக்குப் போன் போடச் சொல்லி யாரையோ கெஞ்சுகிறார். மகன் சொன்ன ஆறு எண்ணை வரிசை முழுக்கக் கேட்கும்படி திரும்பச் சொல்கிறார். கணினியின் கண்ணில் அதுதான் அவருடைய சம்மதம்.

எதற்குச் சம்மதம் என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? சுகர் இருப்பது தெரிந்தால் பெரிய நட்டமில்லை. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்ணுக்குக் காசநோய் என்று தெரிந்தால்? எச்.ஐ.வி., மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு? பதிகிறவரும் அதே தெருக்காரராக இருக்கலாம். அத்தை முறையோ மதினி முறையோ ஆகலாம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும். தெருவில் வாய்விட்டுச் சொல்லப்படும் செய்தியைக் கட்டுப்படுத்த, பதிகிறவருக்குப் பயிற்சியும், தனியாக உட்கார்ந்து பேச ஓர் அறையும் வேண்டும். செயலியில் கடவுச்சொல் வைத்தவர்கள் துணை சுகாதார நிலையத்தில் திரைச்சீலை வைக்க மறந்துவிடுகிறார்கள்.

இத்தனை குறை சொல்கிறவன் கருவிகளுக்கு எதிரி என்று மாணவர்கள் நினைத்துவிட வேண்டாம். ஒரு கருவி ஒரு மாவட்டத்துப் பெண்களின் நடையையே மாற்றியதற்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சாட்சி. 1991இல் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளும் வந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிள் பழகுவதையும் சேர்த்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும், அங்கன்வாடிப் பணியாளர்களும், கிராம செவிலியர்களும் ஆயிரக்கணக்கில் ஏறி மிதித்தார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அந்தச் சைக்கிளில் எங்கே போவது, எப்போது திரும்புவது என்பதை மிதித்தவர் தீர்மானித்தார். தண்ணீர் எடுக்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் அதுவே உதவியது. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று யாரும் அவரிடம் அறிக்கை கேட்கவில்லை.

செயலிகளை எழுதுகிறவர்களிடமும் அவற்றுக்கு ஒப்பந்தம் போடுகிறவர்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. புதிதாக ஒரு கட்டம் சேர்த்தால் பழைய பதிவேடு ஒன்றை அன்றே மூடுங்கள். இரண்டும் ஓடட்டும் என்று விடாதீர்கள். டவர் இல்லாத இடத்திலும் பதியவும் பழைய பதிவைப் பார்க்கவும் வழி செய்யுங்கள். நோயாளிக்குத் தமிழில், பெரிய எழுத்தில், கையில் ஒரு காகிதம் போகட்டும். செயலியை வெளியிடும் விழாவுக்கு முன்னால் அதை எழுதியவர் ஒரு செவிலியரோடு வெயிலில் ஒரு நாள் முழுக்க நடக்கட்டும். சோதனை ஓட்டம் முடிந்து அதன் நிதி தீர்ந்த பிறகு இதைப் பழுதுபார்ப்பவர் யார் என்பதை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஏன் பேசவில்லை என்று ஒரு தம்பி வாசலிலேயே கேட்டார். காசநோய்ச் செயலியில் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் வசதி வந்திருப்பதைச் சொல்லிவிட்டேன். எடையைச் சரியாகப் பார்த்து எழுதிய செவிலியரின் கைதான் அந்தக் கணிப்புக்கு ஆதாரம். எடை இயந்திரத்தின் முள் பூச்சியத்தில் நிற்கவில்லை என்றால் எந்த நுண்ணறிவும் அதைத் திருத்தாது.

தலைவரிடம் முன்பே ஒரு அனுமதி வாங்கியிருக்கிறேன். வழக்கமாகக் கேள்வி நேரத்தில் முன்வரிசையில் இருப்பவர்களுக்குத்தான் முதலில் ஒலிவாங்கி போகும். இன்றைக்கு மூன்றாவது வரிசையில் இருக்கும் செவிலியர்களுக்கு முதலில் போகட்டும். எந்தப் பதிவேட்டை முதலில் மூட வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். குறித்துக்கொள்ளப் பேனாவோடு உட்காருகிறேன்.